சுண்டலும் சமையல் அக்காவின் கையும்

பருப்பு வேகவில்லை என்றால் மற்றவர்கள் பருப்பைத் திட்டுவார்கள், அடுப்பைத் திட்டுவார்கள், பருப்பு அனுப்பியவனின் பரம்பரையையே திட்டுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்த அக்கா யாரையும் திட்டமாட்டார். இரண்டு சின்னப் பாத்திரம் எடுத்து அடுப்பில் வைப்பார்.

உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகும் பக்கம் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளி அது. ஊர்ப்பெயர் வேண்டாம், அங்கே இன்னும் என்மேல் கோபமாக இருப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அறிவியல் ஆசிரியையாக நான் போய்ச் சேர்ந்த முதல் வாரமே இந்தப் பருப்புத் தகராறு. மூன்று நாளாகச் சாம்பாரில் பருப்பு கரையவில்லை. பருப்பு பழசு என்றார் தலைமை ஆசிரியர். கேஸ் வேகமாக வரவில்லை என்றார் சத்துணவு அமைப்பாளர். புதிதாக வந்தவள் என்ற அடக்கம்கூட இல்லாமல் நானும் சொன்னேன்: "உப்பை முதல்லயே போட்டிருப்பீங்க, அதான்."

அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். ஒரே மூட்டைப் பருப்பில் ஒரு கைப்பிடியை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாத்திரத்தில் புதிதாகப் போட்ட போர் தண்ணீர், இன்னொன்றில் பழைய கிணற்றுத் தண்ணீர். ஒரே அடுப்பு, ஒரே நேரம், இரண்டிலும் உப்பில்லை. கிணற்றுத் தண்ணீர்ப் பருப்பு குழைந்துவிட்டது. போர் தண்ணீர்ப் பருப்பு சரளைக்கல் மாதிரி அப்படியே கிடந்தது.

"தண்ணி, டீச்சர்" என்றார். "ஒண்ண மாத்தணும், மத்தத அப்டியே வுட்டுடணும். அப்பத்தான் திருடன் மாட்டுவான்."

நான் என் உப்புத் தத்துவத்தை விழுங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு எடுக்கவேண்டிய பாடமே 'அறிவியல் முறைகள்'தான். வயிற்றெரிச்சல்!

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர். நல்ல உயரம், ஒல்லி, பேச்சு குறைவு. "சாம்பார் நல்லா இருக்குக்கா" என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு, "எது நல்லாகீது? புளியா, காரமா?" என்று கேட்டு ஆளைத் திணறடிப்பார். பூனை குறுக்கே போனால் ஆகாது என்று ஆயம்மா ஒருமுறை சொல்லப்போக, ஒரு வருஷம் அதைக் கவனித்து வந்து சொன்னார்: "பூன குறுக்க போன நாளு பதினொண்ணு. கெட்டது நடந்தது ரெண்டு நாளு. பூன வராத நாள்ல நடந்த கெட்டத எண்ணி மாளல. பூனைய வுட்டுடு, பாவம்." ஆயம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

காதில் கம்மல் கிடையாது. கம்மல் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வேப்பங்குச்சி. கவரிங் போட்டால் மூன்றாம் நாள் காது சீழ் பிடித்து ஒழுகும், அதனால் குச்சி. எங்கள் பக்கத்தில் இது ஒரு பெரிய விஷயமே இல்லை. நாலு பொம்பளை சேர்ந்தால் ஒருத்திக்குக் கவரிங் ஒத்துக்காது. யாரும் அதற்காக டாக்டரிடம் போனதில்லை.

பெரிய விஷயமாக இருந்தது கை.

உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் ஜவ்வரிசியைத் தோலுக்கு அடியில் பதித்துவைத்தது மாதிரி கொப்புளம் கொப்புளமாக வரும். அரிப்பு தாங்காது. சில நாளில் வற்றும், தோல் உரியும், வெடிக்கும். ஆறுவதற்குள் அடுத்த கொப்புளம் கிளம்பிவிடும். ஐந்து வருஷமாக இதே கூத்து. சோப்பு என்றார் நர்ஸம்மா. சூட்டு உடம்பு என்றார் நாட்டு வைத்தியர். செய்வினை என்றது தெரு. அக்கா ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். சோப்பை விட்டுச் சாம்பலில் பாத்திரம் கழுவினார், குறையவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தார், குறையவில்லை. செய்வினை எடுக்கிறவரிடம் மட்டும், "ஒரு கையிக்கு எடு, இன்னொரு கைய அப்டியே வுடு. எது ஆறுதுன்னு பாக்குறேன்" என்றாராம். அந்த ஆள் எழுந்து போய்விட்டார்.

இங்கேதான் நான் வருகிறேன், பெரிய மனுஷியாக. பள்ளிக்கு வந்த மருத்துவ முகாமில் அக்காவுக்கு ரத்தம் மிகக் குறைவு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் விடுவேனா? ஏழாம் வகுப்புக்கு ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கிறவள் ஆயிற்றே. "அக்கா, உங்களுக்குச் சத்து இல்ல. தினம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. எள்ளுருண்டை. சாயங்காலம் ஏதாவது பயறு அவிச்சுச் சாப்பிடுங்க" என்று உத்தரவு போட்டேன். உத்தரவோடு நிற்காமல் என் வீட்டிலிருந்து இரண்டு படி வேர்க்கடலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதையும் சோதிக்காமல் நம்பாத மனுஷி என்னை நம்பினார். டீச்சர் சொன்னதாயிற்றே என்று தின்றார்.

கை முன்னைவிட மோசமானது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் கொஞ்ச நாள் சாப்பிடுங்க, சத்து ஏற நாளாகும்" என்றேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு என்னையே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

அப்புறம் காலாண்டு லீவு வந்தது. பத்து நாள் அடுப்பில்லை, அண்டா கழுவும் வேலையில்லை, கொதிக்கிற வெந்நீர் இல்லை. கை ஆறிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். லீவு முடிந்து வந்தவரின் கையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு உள்ளங்கையும் வெடித்து, விரலை மடக்கக்கூட முடியவில்லை. பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார்.

ஆனால் முகத்தில் ஒரு தெளிவு.

"டீச்சர், திருடன் தடம் வுட்டுட்டான்."

"என்னக்கா?"

"சோப்பு இல்ல, அடுப்பு இல்ல. ஆனா கையி வெடிச்சிக்கினு வருது. அப்ப இஸ்கூல்ல கீறது எதுவும் திருடன் இல்ல. லீவுல புச்சா இன்னா வந்துது? நவராத்திரி. எங்க தெரு மாரியாத்தா கோயில்ல ஒம்போது நாளு ஒம்போது சுண்டலு. அவிச்சது நானு. ராவுக்கு ரெண்டு தொன்ன துன்னதும் நானு. அதுக்கு மேல நீங்க குட்த்த வேர்க்கல்ல."

நான் சிரித்துவிட்டேன். சுண்டலாவது, கையில் கொப்புளம் போடுவதாவது! "சுண்டல் புரதம்க்கா. ஊரே சாப்பிடுது" என்றேன்.

"ஊருக்கு இன்னா? ஊருக்குக் கவரிங்கும்தான் ஒத்துக்கினு கீது" என்றார்.

அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். அந்த வாக்கியத்தில் எல்லாமே இருந்தது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். பயறு, கடலை, முந்திரி, எள் எல்லாம் நிறுத்தம். சாம்பார் வைக்கிறவருக்குச் சாம்பார் கிடையாது. மோர் ஊற்றிச் சோறு, முட்டை, பூசணிக்காய், கோவைக்காய், ஞாயிற்றுக்கிழமை மீன். தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் அன்றைக்குத் தின்றதை எழுதி, கையில் எத்தனை கொப்புளமோ அத்தனை புள்ளி வைத்து, சமையல்கட்டுச் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைப்பார். இருபது நாளில் புள்ளிகள் குறைந்து, ஒருநாள் வெறும் தாள் வந்தது. அன்றைக்கு உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார். ஐந்து வருஷமாகக் கொப்புளத்தில் மறைந்துகிடந்த ரேகையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. "எந்தப் பயறுன்னு தெரியணும். எல்லாத்தையும் சேத்து ஜெயில்ல போட்டா எப்டி?" என்று ஒவ்வொன்றாக வெளியே விட்டுப் பார்த்தார். மூன்று நாள் பச்சைப்பயறு, பத்து நாள் சும்மா. மூன்று நாள் கொண்டைக்கடலை, பத்து நாள் சும்மா. கொண்டைக்கடலைக்கும் வேர்க்கடலைக்கும் புள்ளிகள் தாள் கொள்ளவில்லை. இட்லியில் போகிற உளுந்துக்கு அவ்வளவாக இல்லை. ஒரு கல்யாணத்தில் முந்திரி பாயசம் தின்றுவிட்டு வந்த தாளில், "தெர்ஞ்சேதான் துன்னேன்" என்று தனியாக எழுதியிருந்தார். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் நான் பிள்ளைகளை எழுதவைத்த பதிவேடு எதுவும் அந்தக் கம்பிக்கு உறைபோடக் காணாது.

அந்தக் கம்பியோடுதான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அதுவும் நானாகச் செய்த புண்ணியம் இல்லை. மழைக்காலத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு விரலிடுக்கில் சிரங்கு வந்திருந்தது. அது சமையல்காரம்மா கையிலிருந்து வந்தது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அவர் கை அப்போது சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன, ஐந்து வருஷமாகப் பார்த்த கை ஆயிற்றே. டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிவந்து கொடுங்கள், இல்லையென்றால் மேலே எழுதி வேறு ஆள் போடச் சொல்லவேண்டியிருக்கும் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் அக்கா நாற்று நடவும் களை எடுக்கவும்தான் போகவேண்டும். வெடித்த கையோடு சேற்றில் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தோல் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா. கையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு காதைப் பார்த்தார். "ஏன்மா காதுல குச்சி?"

"கவரிங் ஒத்துக்காதுங்க."

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கம்பியிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். முந்திரி பாயசத் தாளில் சிரித்தேவிட்டார். "முதுகுல ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார்.

முதுகில் சின்னச் சின்னத் அலுமினிய வில்லைகளில் ஒவ்வொரு மருந்து தடவி வரிசையாக ஒட்டுவார்கள். இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது. எது எது என்று டாக்டரம்மா விளக்க ஆரம்பித்ததும் அக்கா தடுத்துவிட்டார். "எங்க எது கீதுன்னு எங்கிட்ட சொல்லாதீங்கோ. தெரிஞ்சா மனசு அங்கயே போய்ச் சொறியும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பெருமையாக நின்றேன், என்னவோ நான் பெற்று வளர்த்த மாதிரி.

இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது ஒரே ஒரு வட்டம் சிவந்து வீங்கிக் கொப்புளித்திருந்தது. இன்னும் இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோதும் அதே வட்டம்தான். நிக்கல்.

"கவரிங் நகைக்கு அடியில இருக்கிற உலோகம்மா. காதை அரிச்சது இதுதான். இதே நிக்கல் மண்ணுலயும் இருக்கு. செடி அதை உறிஞ்சி விதையில சேத்துவைக்கும். பயறு, கடலை, முந்திரி, எள்ளு, இதுலல்லாம் மத்ததைவிட ஜாஸ்தி. ரொம்ப ரொம்பக் கொஞ்சம்தான், ஆனா உங்க உடம்பு அதைக் கண்டுபிடிச்சுச் சண்டைக்குப் போகுது. ரத்தத்துல இரும்பு கம்மியா இருந்தா இது இன்னும் சுலபமா உள்ள ஏறும். இரும்பு மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடுங்க. கைக்குக் களிம்பும் தர்றேன், கொஞ்ச நாள் தடவுங்க. புளிக்குழம்பு, ரசம்லாம் எவர்சில்வர்ல ரொம்ப நேரம் கொதிக்க விடாதீங்க."

அக்கா தாள்களைத் திரும்பக் கம்பியில் குத்தினார். "இந்த நிக்கலு மனுசனுக்கு வேணுமா, வேணாமா?"

"வயித்துல இருக்கிற சில கிருமிக்கு வேணும். மனுஷனுக்கு வேணும்னு யாரும் இன்னும் உறுதியாக் காட்டல."

"காட்டலயா? ஒண்ண வுட்டு ஒண்ணு பாக்கவேண்டியதுதான?"

"முழுசா விடவே முடியாதும்மா. தண்ணில இருக்கு, காயில இருக்கு, எல்லாத்துலயும் துளி இருக்கு. கொறைக்கத்தான் முடியும்."

வெளியே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்து, "அக்கா, நான்தான் உங்களுக்குக் கடலை கொடுத்துக் கெடுத்தேன்" என்று சொல்லி அழுதேவிட்டேன். அவர் என்னைத் தேற்றவெல்லாம் இல்லை. "ஆமா டீச்சர், நீங்க குட்த்ததாலதான் லீவுல அவ்ளோ ஜாஸ்தியா வெடிச்சிது. ஜாஸ்தியா வெடிச்சதாலதான் கண்டுபுட்ச்சேன். வாங்க, பஸ்சு வருது" என்றார்.

சான்றிதழ் வந்துவிட்டது, ஒட்டாத வியாதி என்று ஆங்கிலத்தில் எழுதி, முத்திரையோடு. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். எனக்கு ஊரைப் பற்றி என்ன தெரியும்?

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியாக ஒரு அம்மா இருந்தார். அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு. சிரங்கு வந்த பிள்ளைகளில் அதுவும் ஒன்று. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பிள்ளை ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு அழுததைப் பார்த்த தாய். "பேப்பரு யாரு வேணா வாங்கியாரலாம். இன்னிக்கு கையி நல்லாகீது. மருந்து நின்னா நாளைக்கே திரும்ப வரும். எம்பொண்ணு தட்டுல அந்தக் கையி வேணாம்" என்றார். மகளுக்கு வீட்டுச் சோற்றை டப்பாவில் கட்டிக்கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் பதின்மூன்று டப்பா வந்தது. அந்தப் பதினாலும் எந்தெந்தத் தெருப் பிள்ளைகள் என்று பார்த்தால் வேறொரு விஷயமும் தெரியும். அதை எழுத ஆரம்பித்தால் அக்காவைப் பற்றி எழுத இடமிருக்காது.

குழுக் கூட்டத்தை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வைத்தார்கள். வேறு ஆள் போடச் சொல்லி எழுதுவதா வேண்டாமா என்பது ஒன்றே பேச்சு. அன்றைக்குச் சத்துணவில் கொண்டைக்கடலைச் சுண்டல். நான் எழுந்து நிக்கல், மண், விதை என்று விளக்கினேன். கரும்பலகையில் படம்கூடப் போட்டேன். ஒருத்தர் கொட்டாவி விட்டார். "சுண்டல் துன்னா கையில புண்ணு வருமாம். கேட்டுக்கோ" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முதலில் நானே சிரித்தவள்தானே, என்ன சொல்வது?

வாசல் ஓரமாக நின்றிருந்த அக்கா உள்ளே போனார். ஒரு தட்டு நிறையச் சுண்டலோடு திரும்பி வந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, வேணாம்!" என்று கத்தினேன். "டாக்டர் என்ன சொன்னாங்க? ஆற எத்தன நாளாகும் தெரியுமில்ல?"

"சொம்மா இருங்க டீச்சர்."

தலைவிக்கு எதிரில் போய் நின்றார். இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். ஒரு பொட்டு இல்லை.

"நல்லா பாத்துக்கோ. ரெண்டு மாசமா ஒண்ணுங்கெடையாது. மருந்து நின்னா வரும்னு சொல்ற. தடவுற மருந்தை வுட்டு ஒரு மாசம் ஆவுது. இப்ப நானே வரவைக்கிறேன். வெள்ளிக்கெயம வந்து பாரு. வந்துதுன்னா, சுண்டலால வருதுன்னு ஒத்துக்கோ. நான் கூப்ட்டா வர்றது, நான் போன்னா போறது, அது எப்டிம்மா உம்பொண்ணுக்கு ஒட்டும்? வரலன்னா நானே எய்திக் குட்த்துட்டு வூட்டுக்குப் போயிடுறேன்."

நின்றபடியே தின்றார். தட்டு காலியானதும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். அதற்கு மேல் ஒரு கைப்பிடி வேர்க்கடலை.  அவர் மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

புதன்கிழமை கையில் ஒன்றுமில்லை. வியாழக்கிழமை காலையிலும் ஒன்றுமில்லை. மத்தியானம் பாத்திரம் கழுவும் இடத்தில் அக்கா கையை வெயிலில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"வருமா, டீச்சர்?"

 ரத்தம் ஏறியிருக்கிறது, ஒருவேளை உடம்பு தாங்கிக்கொண்டுவிட்டதோ? அப்படியானால் நல்லதுதானே? நல்லது, ஆனால் வேலை போய்விடும். வீட்டுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு, "தாயே, அந்த அக்கா கையில் கொப்புளம் வரட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். பகையாளிக்குக்கூட நான் அப்படி வேண்டியதில்லை. கேட்டுவிட்டு அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டாலும் வேண்டுதலைத் திரும்ப வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூட கேட்டிலேயே எனக்காக நின்றிருந்தார். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். முகத்தில் சிரிப்பு.

"வந்துட்டுது, டீச்சர்."

விரலிடுக்கெல்லாம், உள்ளங்கை முழுக்க. பழைய ஜவ்வரிசி.

குழுத் தலைவி மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு வந்தார். கூட இன்னும் ஐந்தாறு பேர். வராதவர்களும் உண்டு. அவர்களுக்குக் கை நன்றாக இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அக்கா கையை நீட்டினார். தலைவி முதலில் ஒரு அடி தள்ளியே நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்தார். ஒரு விரலை மட்டும் பிடித்துத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வலிக்குதா?"

"எரியுது. மொதல்ல அரிக்கும், அப்பறம் எரியும்."

"எத்தினி நாளு இருக்கும்?"

"போன தபா இருவது நாளுக்கு மேல ஆச்சி."

"தெரிஞ்சே துன்ன?"

"நீ நம்பலியே, இன்னா பண்றது?"

 பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தலைவியின் மகள் மரத்தடியில் உட்கார்ந்து வீட்டு டப்பாவைத் திறக்கப் பார்த்தது. தலைவி போய் அதன் கையிலிருந்து டப்பாவை வாங்கி மூடினார். உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து, கழுவி, மகள் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்தினார். தானும் பக்கத்திலேயே நின்றார்.

அன்றைக்குப் பரிமாற உதவியாளர் இருந்தார். அக்கா அவரை நகரச் சொல்லிவிட்டு அண்டா முன்னால் வந்து நின்றார். விரல் மடங்கவில்லை. ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் கரண்டிக் காம்பைப் பிடித்து, உதட்டைக் கடித்தபடி ஒவ்வொரு தட்டாகச் சோறு வைத்தார். தலைவியின் மகள் முறை வந்தது. பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அம்மா தலையாட்டினார். பிள்ளை தட்டை நீட்டியது. அக்கா ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டு, கையெரிச்சலில் ஒரு கணம் அப்படியே நின்றார்.

"இன்னும் ஒரு கரண்டி வைய்யிக்கா" என்றார் தலைவி. "அது நல்லா துன்னும்."